தாள மேதை ஜே டில்லா

கூட்டம் போன பாதையில் போகாமல், தன் காது சொன்ன பாதையில் போன ஓர் இசைக் கலைஞரின் வரலாறு

2006-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 7-ந் தேதி. அமெரிக்காவில் அன்று ஓர் இசைத்தட்டு வெளிவந்தது.

அதில் முழுப் பாட்டு என்று ஒன்றுகூட இல்லை. 31 சிறு சிறு இசைத் துண்டுகள். பெரும்பாலானவை ஒரு நிமிடம், அல்லது ஒன்றரை நிமிடம். அவ்வளவுதான்!

அதை உருவாக்கியவருக்கு அன்று 32-வது பிறந்த நாள். அதற்கு அடுத்த மூன்றாம் நாள், 10-ந் தேதி, அவர் இறந்துபோனார்.

அப்போது அமெரிக்காவிலேயே அவர் பெயரை அறிந்த பொதுமக்கள் சிலர்தான். இசைக் கலைஞர்கள் மட்டும் அறிந்திருந்தார்கள். இன்றோ, அவருடைய இசைக் கருவி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய தாளத்தைப் பல்கலைக்கழகத்தில் பாடமாக நடத்துகிறார்கள்.

அவர்தான் ஜே டில்லா. இயற்பெயர், ஜேம்ஸ் டெவிட் யான்சி.

மோட்டார் நகரம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ளது டெட்ராய்ட் நகரம். மோட்டார் கார்த் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். இசைக்கும் பெயர் பெற்ற ஊர். கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெரி கார்டி என்ற கறுப்பு இளைஞர், 1959-ல் இங்கேதான் "மோடவுன்" இசைத்தட்டுக் கம்பெனியைத் தொடங்கினார். உலகமே அந்தப் பாட்டுகளுக்கு ஆடியது.

1972-ல் அந்தக் கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. கார்த் தொழிலும் சரிந்துகொண்டு வந்தது. அப்படிப்பட்ட காலத்தில், 1974-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி ஜேம்ஸ் பிறந்தான்.

இசைக் குடும்பம். தாய் மவ்ரீன், ஆபரா என்னும் இசை நாடகப் பாட்டு பயின்றவர். தந்தை பெவர்லி, ஜாஸ் இசையில் பாஸ் வாத்தியம் வாசிப்பவர். நான்கு பிள்ளைகளில் ஜேம்ஸ்தான் மூத்தவன்.

மற்றக் குழந்தைகள் பொம்மை கேட்டு அழுவார்கள். ஜேம்சுக்கு இசைத்தட்டுதான் பொம்மை. சரியாக நடக்கப் பழகிய வயதிலேயே இசைத்தட்டுகளைச் சேர்க்கத் தொடங்கிவிட்டான். தட்டின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் பார்த்தே, இது இன்ன பாட்டு என்று எடுத்துக் கொடுப்பானாம்.

ராப் பிறந்த கதை

ஜேம்ஸ் பிறப்பதற்கு முந்திய ஆண்டு, 1973-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி, நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு விருந்து நடந்தது. ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் என்ற இளைஞர், ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு கருவிகளில் வைத்தார். பாட்டில் டிரம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்தார். கூட்டம் குதித்து ஆடியது.

அந்தத் தாளத்தின் மேல், எதுகையோடு வேகமாகப் பேசுவது வழக்கம் ஆயிற்று. அதுதான் ராப். தாளம், பேச்சு, ஆட்டம், சுவர் ஓவியம் எல்லாம் சேர்ந்தது ஹிப்-ஹாப்.

கையில் காசு இல்லாத பிள்ளைகள் கண்டுபிடித்த கலை அது. வாத்தியம் வாங்கப் பணம் இல்லை. அப்பா அம்மாவின் பழைய இசைத்தட்டே வாத்தியம் ஆயிற்று!

பிறகு பெரிய கம்பெனிகள் வந்தன. பணம் வந்தது. 1990-களில் ராப் பாட்டு கோடிக்கணக்கில் விற்றது. எது விற்றதோ, அதையே திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார்கள். தங்கச் சங்கிலி, உயர்ந்த கார், துப்பாக்கி, பகை. பெரும்பாலான பாட்டுகளில் இவைதான் பேச்சு.

அதே காலத்தில், வேறு ஒரு கூட்டமும் இருந்தது. புதிய ஒலி எது, புதிய சொல் எது என்று தேடிய கூட்டம். ஜேம்ஸ் போய்ச் சேர்ந்தது அந்தக் கூட்டத்தில்தான்.

நிலவறையில் ஒரு பட்டறை

டெட்ராயிட்டில் ஜேம்சின் வீடு கோனன்ட் கார்டன்ஸ் என்ற பகுதியில் இருந்தது. வீட்டின் அடியில் ஒரு நிலவறை. அதுதான் அவன் உலகம். பெர்ஷிங் உயர்நிலைப் பள்ளியில் படித்த நண்பர்கள் இருவர் அவனோடு சேர்ந்தார்கள். ஒருவர் டி-3. மற்றவர் பாட்டின். மூவரும் தொடங்கிய குழுவுக்குப் பின்னாளில் "ஸ்லம் வில்லேஜ்" என்று பெயர் வந்தது.

1992-ல் அவனுக்கு ஒரு குரு கிடைத்தார். அவர் பெயர் ஆம்ப் பிட்லர். டெட்ராய்ட் நகரத்துப் பியானோ கலைஞர். பெரிய குழுக்களில் வாசித்தவர். அவரிடம் "எம்.பி.சி." என்ற கருவி இருந்தது.

பெட்டி போன்ற கருவி. மேலே 16 ரப்பர் பொத்தான்கள். பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு துளி ஒலியை எடுத்து ஒவ்வொரு பொத்தானிலும் வைக்கலாம். விரலால் தட்டினால் அந்த ஒலி பிறக்கும். தையற்காரர் வெட்டுத் துண்டுகளைச் சேர்த்து அழகான போர்வை தைப்பதுபோல, ஒலித் துண்டுகளைச் சேர்த்துப் புது இசை செய்யலாம்.

பிட்லர் அந்தக் கருவியைத் தொட அனுமதித்தார். சொல்லியும் கொடுத்தார். இளைஞன் சில காலத்தில் அதைக் கரைத்துக் குடித்துவிட்டான்.

ஒரு கேசட் திறந்த கதவு

1994-ல் "லாலாபலூசா" என்ற இசை விழா ஊர் ஊராக நடந்தது. பிட்லர் அதில் ஜார்ஜ் கிளிண்டன் குழுவுடன் வாசித்தார். நியூயார்க்கின் புகழ் பெற்ற ராப் குழுவான "எ டிரைப் கால்டு குவெஸ்ட்"டும் அதே விழாவில் பங்கு கொண்டது. அதன் தலைவர் கியூ-டிப்புக்குத் தன் மாணவரை அறிமுகம் செய்து வைத்தார் பிட்லர். இளைஞரின் கேசட் கியூ-டிப் கைக்குப் போயிற்று.

கேட்டவர் வியந்துபோனார். தாம் மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளாமல், மற்றக் குழுக்களுக்கும் போட்டுக் காட்டினார்.

1995-ல் "பார்சைடு" குழுவுக்கு அவர் அமைத்த இசை வெளிவந்தது. 1996-ல் "டி லா சோல்" குழுவுக்கு ஒரு பாட்டு. அதன் பெயர் "ஸ்டேக்ஸ் ஈஸ் ஹை". பணயம் பெரியது என்று பொருள். ராப் இசை பகட்டிலும் பகையிலும் போய் விழுந்துவிட்டதே என்று அந்தப் பாட்டு மனம் நொந்து பேசியது. அந்தச் சொல்லுக்குத் தாளம் போட்டவர் 22 வயது டெட்ராய்ட் இளைஞர்!

அதே ஆண்டு "டிரைப்" குழுவின் புதிய இசைத்தட்டும் வந்தது. அதிலும் அவர் கை இருந்தது. ஆனால், கியூ-டிப், அலி ஷாஹீத் முகமது ஆகியோருடன் சேர்ந்து "உம்மா" என்ற பொதுப் பெயரில்தான் அவர் வேலை செய்தார். ஆகையால் பல பாட்டுகளில் அவர் பெயர் தனியே தெரியவில்லை. அந்த இசைத்தட்டு பழைய ரசிகர்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை. பழைய துள்ளல் போய்விட்டது என்று குறை கூறினார்கள். புதிதாக வந்தவர்தான் கெடுத்தார் என்று பழியும் போட்டார்கள்.

அவர் பதில் பேசவில்லை. நிலவறைக்குப் போய் அடுத்த தாளத்தை அமைத்தார்.

தளும்பும் தாளம்

அவருடைய தாளத்தில் அப்படி என்ன புதுமை?

தாளக் கருவிகளில் ஒரு வசதி உண்டு. வாசிப்பவர் விரல் சற்று முந்தினாலும், சற்றுப் பிந்தினாலும், கருவியே அந்த அடியைச் சரியான இடத்துக்கு நகர்த்திவிடும். கடிகார முள்போல எல்லா அடியும் கணக்காக விழும். எல்லோரும் அந்த வசதியைப் பயன்படுத்தினார்கள்.

டில்லாவுக்கு அது பிடிக்கவில்லை. பல நேரம் அந்த வசதியை நிறுத்திவிட்டு, விரலாலேயே தட்டினார். சில நேரம் ஓர் ஒலியை மட்டும் வேண்டுமென்றே மயிரிழை முன்னே தள்ளினார். இன்னொன்றை மயிரிழை பின்னே இழுத்தார்.

ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாறி மாறி உலக்கை போடுவதைப் பார்த்திருப்போம். ஒருத்தி கை சற்று முந்தும். மற்றவள் கை சற்றுத் தாமதிக்கும். ஆனாலும் உலக்கைகள் மோதுவது இல்லை. நெல் குத்துப்படும். அந்த முந்தலிலும் பிந்தலிலும் ஓர் உயிர் இருக்கிறது அல்லவா? அந்த உயிரைத்தான் அவர் இயந்திரத்துக்குள் கொண்டுவந்தார்.

முதலில் கேட்டவர்கள் தவறு என்றே நினைத்தார்கள். "ரூட்ஸ்" குழுவின் டிரம் கலைஞர் குவெஸ்ட்லவ், ஆண்டுக்கணக்கில் கடிகாரம்போல் வாசிக்கப் பழகியவர். டில்லாவின் தாளத்தைக் கேட்டபின், அதுபோல் தளும்பி வாசிக்க மறுபடியும் முதலிலிருந்து பழகினார். இயந்திரத்தைப் பார்த்து மனிதன் கற்றுக்கொண்டான். அந்த இயந்திரத்துக்கு மனிதனைப்போல் தடுமாறக் கற்றுக்கொடுத்தவர் டில்லா.

2000-ம் ஆண்டு அந்த ஒலியின் அறுவடை ஆண்டு. "ஸ்லம் வில்லேஜ்" குழுவின் இரண்டாவது இசைத்தட்டு வெளிவந்தது. நியூயார்க்கின் எலெக்ட்ரிக் லேடி ஒலிப்பதிவுக் கூடத்தில் நண்பர்கள் கூடி உழைத்த இசைத்தட்டுகளும் வந்தன. டி ஆஞ்சலோ, எரிகா படூ, காமன் ஆகியோரின் இசைத்தட்டுகள் அவை. காமன் பாடிய "தி லைட்" பாட்டுக்கு இசை அமைத்தவர் டில்லா. காதலியை மரியாதையோடு நினைத்துப் பாடும் பாட்டு. அது கிராமி பரிசுக்குப் போட்டியிடும் பாட்டுகளில் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

பெரிய கம்பெனி

முதலில் அவர் "ஜே டீ" என்ற பெயரில்தான் இசை அமைத்தார். அதே எழுத்துகளால் அழைக்கப்பட்ட வேறு ஓர் இசையமைப்பாளரும் இருந்தார். அவர் ஜெர்மைன் டூப்ரி. வெற்றிப் பாட்டுகளுக்குப் பேர் போனவர். குழப்பம் வராமல் இருக்க, 2001-ல் "ஜே டில்லா" என்று பெயரை மாற்றிக்கொண்டார்.

அந்த ஆண்டு "வெல்கம் டு டெட்ராய்ட்" என்ற தனி இசைத்தட்டை, இங்கிலாந்தின் சிறு கம்பெனி ஒன்று வெளியிட்டது. அதன்பின் பெரிய வாய்ப்பு வந்தது. அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளில் ஒன்றான எம்.சி.ஏ. ஒப்பந்தம் செய்தது.

டில்லா பணத்தை வெறுத்த சாமியார் அல்ல. நல்ல கார் மேல் ஆசை உண்டு. நகை மேலும் ஆசை உண்டு. அவரே ராப் பேசிய பாட்டுகளில் இவையெல்லாம் வரும். பெரிய கம்பெனியில் பேர் எடுக்க வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. அதற்காக உழைத்தார். தாளம் அமைப்பதில் பேர் பெற்ற அவர், அந்த இசைத்தட்டில் மற்றவர்களின் தாளத்துக்குத் தாம் ராப் பேசினார்.

கம்பெனியின் நிர்வாகம் மாறியது. இசைத்தட்டு கிடப்பில் போடப்பட்டது. நண்பர்களான "பிராங்க் என் டாங்க்" குழுவுக்காக அவர் செய்து கொடுத்த இசைத்தட்டுக்கும் அதே கதி. 2003-ல் எம்.சி.ஏ. கம்பெனியே வேறொரு கம்பெனியோடு இணைக்கப்பட்டு மறைந்தது. டில்லாவின் அந்த இசைத்தட்டு வெளிவந்தது 2016-ல். அவர் இறந்து பத்து ஆண்டுக்குப் பின்!

இன்னொருவராக இருந்தால் ஒடிந்துபோயிருப்பார். அல்லது, விற்கிற பாணி எதுவோ அதற்கு மாறியிருப்பார். டில்லா வேறு வழியில் போனார்.

இரண்டு சந்தைகள்

2003-ல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்றது, 50 சென்ட் என்ற ராப் பாடகரின் முதல் இசைத்தட்டு. 9 குண்டுகள் பாய்ந்தும் பிழைத்தவர் என்ற செய்தியே அதற்குப் பெரிய விளம்பரம். பணக்காரனாகு, அல்லது செத்து மடி என்ற பொருளில் அதற்குப் பெயர். லட்சக்கணக்கில் விற்றது.

அதே 2003-ல், டில்லா "ரப் டிராப்ட்" என்ற சிறு இசைத்தட்டைத் தம் சொந்தப் பெயர்ப் பலகையில் வெளியிட்டார். கரடுமுரடான முதல் படி என்று பொருள். ஜெர்மனியைச் சேர்ந்த கம்பெனி ஒன்று விநியோகம் செய்தது. பளபளப்பு இல்லை. கேசட்டில் பதிந்ததுபோல் மொரமொரப்பாக இருக்க வேண்டும் என்றே அதை அமைத்தார்.

அதே ஆண்டில், கலிபோர்னியாவின் மேட்லிப் என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து "சாம்பியன் சவுண்ட்" இசைத்தட்டும் செய்தார். ஒருவர் தாளம் அமைப்பார். மற்றவர் ராப் பேசுவார். பிறகு மாற்றிக்கொள்வார்கள். அதை வெளியிட்டது "ஸ்டோன்ஸ் த்ரோ" என்ற சிறு கம்பெனி. கல்லெறியும் தூரம் என்று பொருள்.

விற்பனையில் ஒன்று யானை, மற்றது எறும்பு. ஆனால், சிறிய கம்பெனியில் ஒரு வசதி இருந்தது. இந்தப் பாட்டு வானொலியில் ஓடுமா என்று கேட்டு யாரும் அவர் பின்னால் நிற்கவில்லை.

நோய் வந்தது

இதற்குள் விதி வேறு கணக்குப் போட்டது. 2002-ல் டில்லா நோயில் விழுந்தார். ரத்தத்தின் நுண்ணிய தட்டுகள் குறைந்து, சிறு குழாய்களில் ரத்தம் உறையும் அபூர்வ நோய். லூபஸ் என்ற மற்றொரு நோயும் சேர்ந்தது. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பைத் தாக்கும் நோய் அது.

2004-ல் லாஸ் ஏஞ்சல்சுக்குக் குடிபோனார். பாடகர் காமன் அவரோடு ஒரே வீட்டில் தங்கினார். நாளுக்கு நாள் உடம்பு இளைத்தது. சிறுநீரகத்துக்காக ரத்தத்தைச் சுத்தம் செய்யும் சிகிச்சை நடந்தது. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடையாக நடந்தார்.

தாய் மவ்ரீன் டெட்ராயிட்டை விட்டு வந்து, மகனின் பக்கத்திலேயே இருந்தார். நண்பர்கள் அவரை "மா டியூக்ஸ்" என்று அழைப்பார்கள்.

மருத்துவமனைப் படுக்கைக்குச் சிறிய இசைத்தட்டுக் கருவி ஒன்றும், ஒலியை வெட்டி ஒட்டும் சின்னக் கருவி ஒன்றும் வந்தன. பெட்டி நிறைய இசைத்தட்டுகளைத் தாய் சுமந்து வந்து கொடுப்பார். மகன் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெரும்பாலானவற்றை ஒதுக்கிவிடுவார். விரல்கள் வீங்கி மடங்காது. தாய் அந்த விரல்களை நீவி விடுவார். வீக்கம் சற்றுத் தணியும். மீண்டும் வேலை நடக்கும்.

2005-ம் ஆண்டின் இறுதியில் ஐரோப்பாவுக்குப் பயணம் போனார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே மேடையில் ராப் பேசினார். தாயும் கூடவே போனார்.

வளையமான இசை

அப்படி உருவான கடைசி இசைத்தட்டுதான் "டோனட்ஸ்". டோனட் என்பது அமெரிக்கர்கள் விரும்பித் தின்னும் இனிப்புப் பலகாரம். நம் உளுந்து வடைபோல் நடுவில் ஓட்டை இருக்கும். டில்லாவுக்கு மிகவும் பிடித்தது.

இசைத்தட்டு முழுவதும் மருத்துவமனைப் படுக்கையில் பிறந்தது என்று நெடுநாள் சொல்லப்பட்டு வந்தது. டான் சார்னாஸ் என்ற எழுத்தாளர் அவர் வரலாற்றை ஆராய்ந்து 2022-ல் நூல் வெளியிட்டார். பெரும் பகுதி வீட்டில் முன்பே உருவானது, மருத்துவமனையில் அது மெருகு பெற்றது என்று அந்த நூல் எடுத்துக் காட்டுகிறது. எங்கே பிறந்தால் என்ன? சாவை எதிரே பார்த்துக்கொண்டு செய்த வேலை அது.

பழைய பாட்டுகளின் ஒரு விம்மல், ஒரு கூவல், ஒரு சொல்லின் பாதி ஆகியவற்றை வெட்டி எடுத்தார். அவற்றைத் திருப்பித் திருப்பி ஒலிக்க விட்டார். ராப் பேச்சு இல்லை. ஆனாலும் கேட்பவர் நெஞ்சில் ஏதோ பேசுகிறது. முதல் துண்டுக்கு முடிவுரை என்று பெயர் வைத்தார். கடைசித் துண்டோ, தொடக்கத்தில் வர வேண்டிய வரவேற்பு! கடைசித் துண்டு முடியும் இடமும் முதல் துண்டு தொடங்கும் இடமும் ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிடும். வளையத்துக்கு முடிவு ஏது?

பிறந்த நாளன்று இசைத்தட்டு வெளிவந்தது. மூன்றாம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டில் அவர் மூச்சு நின்றது.

பின்னால் வந்த புகழ்

மகன் விட்டுப்போனது, இசையும் கடனும். வரிப் பாக்கி இருந்தது. மருத்துவச் செலவு இருந்தது. தாய் துவண்டுவிடவில்லை. மகன் பெயரில் அறக்கட்டளை ஏற்படுத்தி, பிள்ளைகளின் இசைக் கல்விக்கு உதவினார்.

பாதியில் நின்ற "தி ஷைனிங்" என்ற இசைத்தட்டை, நண்பரான டிரம் கலைஞர் கரீம் ரிகின்ஸ் முடித்துக் கொடுத்தார். அது 2006 ஆகஸ்டில் வந்தது. 2009-ல் லாஸ் ஏஞ்சல்சில் பெரிய வாத்தியக் குழு ஒன்று, வயலின்களும் குழல்களும் முழங்க, டில்லாவின் இசையை வாசித்தது. அந்த நிகழ்ச்சிக்குத் தாயின் பெயரையே சூட்டினார்கள்.

2014-ல் அவருடைய எம்.பி.சி. கருவியைத் தாய், வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். 2017-ல் பிரான்சின் மோன்பெலியே நகரில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

இதைவிடப் பெரிய நினைவுச் சின்னம் வேறு ஒன்று உண்டு. இன்று ஜாஸ் டிரம் பயிலும் இளைஞர்கள், அந்தத் தளும்பும் தாளத்தை வாசிக்கப் பழகுகிறார்கள். ஒரு காலத்தில் தவறு என்று சொல்லப்பட்டதே இன்று பாடம்!

சந்தையில் கூவி விற்கும் பாட்டுக்கும் ஒரு நாள் உண்டு. அந்த நாள் முடிந்ததும் அடுத்த பாட்டு வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். டில்லாவின் இசை அப்படிக் கூவவில்லை. கேட்பவர் ஒருமுறை நின்று கேட்க வேண்டும். இரண்டாம் முறை கேட்டால், முதல் முறை காதில் விழாத ஒன்று விழும்.

பெரிய கம்பெனி கிடப்பில் போட்டபோது, அவர் வாழ்வில் எஞ்சியிருந்தவை சில ஆண்டுகளே. அந்த ஆண்டுகளை, விற்பது எது என்று தேடுவதில் அவர் செலவிட்டிருந்தால், "டோனட்ஸ்" இல்லை. 32 வயதில் முடிந்த வாழ்க்கைக்கு மிஞ்சியது 31 சிறு துண்டுகள். இருபது ஆண்டு ஆகியும் அந்த வளையம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.